பாதரசம் இறங்கிய காலை

பிள்ளை, இதை நின்றுகொண்டு வாசிக்காதே. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அந்தச் சின்னக் குசினி மேசையில் இருந்து வாசி. தமிழ் வாசிப்பது உனக்கு மெதுவாகத்தான் வரும் என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ரொக்ஸ்பரோவிலிருந்து ரயிலில் உன்னை இழுத்துக்கொண்டு போனவள் நான்தானே. மெதுவாக வாசிப்பதும் நல்லதுதான். போன ஞாயிறு நீ தொலைபேசியில் சொன்னாய்: அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், படகுக்கு ஆள் கூப்பிடுகிற அந்தப் பேஜரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாய், உயிர்காப்புப் படகிலிருந்து விலகப் போகிறாய், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நீ படித்த இடத்திலேயே ஒரு வேலை இருக்கிறதாம், மொன்றியலுக்கே திரும்பி வருகிறாய். ஏன் என்று கேட்டேன். "என்னை நம்பி ஒருத்தரும் கடலுக்குப் போக ஏலாது அம்மா" என்றாய். அந்தக் கூட்டத்துக்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது.

இதன் பிரதி ஒன்றை இங்கே வரும் தமிழ் மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் கொடுக்கமாட்டேன். ஆனால் மகள் திரும்பி வருகிறாள் என்று கோயிலில் நான்கு பேர் முன்னால் பெருமையடித்தவள் நான். உண்மையையும் அந்த நான்கு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும். ஆகவே உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் தெரியாதவர்களுக்காகச் சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்.

நீ வருகிறாய் என்று கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா போய் மூன்று வருடமாக இந்த வீட்டில் நான் ஒருத்தி. இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை. உன் அறைத் திரைச்சீலையைத் தோய்த்துக் காயவிட்டேன். மூலையில் உள்ள டெப்பனர் கடையில் பால் வாங்கப் போனபோது, என் அரைகுறைப் பிரெஞ்சில் கடைக்காரரிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் உன் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்துக்கொண்டிருந்தேன். 'என்னை நம்பி ஒருத்தரும்' என்று நீ சொன்னது அப்படியே காதில் கேட்டது. விரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்தக் கட்டில் ஓரத்திலேயே இருந்துவிட்டேன். அது இன்னும் பாதியில்தான் கிடக்கிறது.

எனக்குத் தண்ணீர் மேல் உள்ள பயம் உனக்குத் தெரியும், ஆனால் அதன் அளவு தெரியாது. நம் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஆறு. இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறேன், ஒருநாளும் அந்தக் கரைக்குப் போனதில்லை. உனக்கு ஏழு வயதில், நகரசபை நீச்சல் குளத்தில் உன்னைச் சேர்க்கிற படிவத்தில் கையெழுத்து வைத்தது அப்பா. எனக்குச் சொல்லாமல் வைத்தார். தெரிந்ததும் மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. பிறகு அவருக்கு வேலை நேரம் மாறிப்போக, உன்னைக் கூட்டிப் போகிற பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. அங்கே வாங்கில் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பேன். பின்னால் நீ போடுகிற சத்தத்தை வைத்து நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். ஒருநாள் தலை சொட்டச் சொட்ட ஓடிவந்து, "அம்மா, நான் பாய்ஞ்சதைப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டாய். ஓம் என்றேன். பார்க்கவில்லை, பிள்ளை. நீ அங்கே நீந்திய நான்கு வருடத்தில் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

காரணத்தை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ எட்டு மாதக் கைக்குழந்தை. மன்னார்க் கரையிலிருந்து இந்தியாவுக்குப் போகப் படகு ஏறினோம். இரண்டு படகுகள். முன் படகில் அப்பா, நான், என் மடியில் நீ. பின் படகில் என் தம்பி. எங்களோடு ஏறு என்று அவனைக் கூப்பிட்டேன்; இடம் காணாது, பின்னால் வாறன் என்று சிரித்தான். விடியும்போது திரும்பிப் பார்த்தால் பின் படகைக் காணவில்லை. திருப்பச் சொல்லி ஓட்டியின் கையைப் பிடித்து மன்றாடினேன். அவர் திருப்பவில்லை. அவரில் பிழை இல்லை. படகில் இருபது பேர், நீயும் இருந்தாய். எனக்குத் தாங்க முடியாமல் போனது அதற்குப் பிறகுதான். கரையில் இறங்கியதும், பின்னால் ஒரு படகு வந்தது, காணவில்லை, யாரிடம் சொல்ல வேண்டும் என்று எதிர்ப்பட்ட எல்லோரிடமும் கேட்டேன். சொல்வதற்கு ஒருவரும் இல்லை. தேடிப் போவதற்கு அந்தக் கடலில் ஒருவரும் இல்லை. அன்றைக்கு நான் முடிவு செய்தது, கடலுக்கு இனி என் வீட்டிலிருந்து ஒருவரும் போகக்கூடாது என்பது.

அப்படிப்பட்ட எனக்குப் பிறந்த நீ, மீனுக்கு வருகிற வருத்தங்களைப் பற்றிப் படித்தாய். மீனுக்கும் டொக்டர் இருக்கோ என்று லொங்குய்யில் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் சமாதானம் சொல்லிக்கொண்டேன்: மீன் ஆய்வுகூடத்துக்கு வரும், நீ மீனிடம் போகத் தேவையில்லை. பிறகு ஸ்கொட்லாந்தில் கில்ஹேவன் என்று ஒரு கரையோர ஊரில் வேலை கிடைத்துப் போனாய். ஒரு வருடத்தில், அந்த ஊரின் உயிர்காப்புப் படகில் சேர்ந்துவிட்டேன் என்று தொலைபேசி எடுத்துச் சொன்னாய். எவ்வளவு சம்பளம் என்று கேட்டேன். சம்பளம் இல்லை, எல்லோரும் சும்மாதான் போகிறார்கள் என்றாய். "காசும் வாங்காமல் சாகப் போறியோ?" என்று கத்திவிட்டு வைத்தேன். அதற்காகத்தான் இந்தச் சித்திரையில் மூன்று கிழமை லீவு எடுத்து வந்தேன். ஊரைப் பார்க்க வரவில்லை. உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வந்தேன்.

ஆனால் அந்த ஊர் என்னை வாயடைக்க வைத்துவிட்டது. ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் கேட்கிற ஊர். அவர்கள் பேசுவது ஆங்கிலம்தானா என்று எனக்குச் சந்தேகம், என் ஆங்கிலத்தைப் பற்றி அவர்களுக்கும் அதே சந்தேகம். இருந்தாலும் தெருவில் எதிர்ப்பட்ட ஒருவரும் வணக்கம் சொல்லாமல் போகவில்லை. பொதுக் கழிவறையில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். ஹெரிங் மீனுக்கு உப்புப் போட்டுப் பீப்பாய்களில் அடைத்த பழைய கட்டடம் இப்போது நூலகம். சுவரில் கையை வைத்தால் இன்னும் உப்புப் பூக்கிறது. அந்த மீன் வராமல் போய், வேலையில்லாமல் நின்ற ஆட்கள் ஒன்றுகூடி, பாறைகளுக்கு நடுவே சுவர் எழுப்பிக் கடலில் ஒரு நீச்சல் குளம் கட்டினார்களாம். கடலே நாளுக்கு இரண்டு தடவை வந்து தண்ணீரை மாற்றிவிட்டுப் போகிறது. கட்டணம் இல்லை, கதவும் இல்லை. சாப்பாட்டுக்கு வழியில்லாத காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் நீந்தட்டும் என்று கல் சுமந்த மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நீ அதற்குள் இறங்கி நீந்தினாய். இந்தத் தடவை முகத்தைத் திருப்பாமல் பார்த்தேன். இவ்வளவு அழகாக நீந்துவாய் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டாம் நாள் பாண் வாங்க யூவனின் பேக்கரிக்குப் போனேன். உன் படகை ஓட்டுபவர் அவர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு முன் மூன்று பேர். அவர் இடுப்பில் ஏதோ கீச்சிட்டது. மாவுக் கையோடு, கட்டியிருந்த ஏப்ரனோடு, ஒரு சொல்லும் சொல்லாமல் பாய்ந்து தெருவில் ஓடினார். கடையில் ஒருவரும் அதிசயப்படவில்லை. வரிசையில் முதலில் நின்ற கிழவி பிரம்பை ஓரமாகச் சாத்திவிட்டு உள்ளே போய், கையைக் கழுவி, அடுத்தவருக்குப் பாணைச் சுற்றிக் கொடுக்கத் தொடங்கினாள். தன்னுடையதையும் வாங்கிக்கொண்டு அவள் போக, அடுத்தவர் உள்ளே போய் நின்றார். அந்த ஊர் வழக்கம் அதுதானாம். யூவன் திரும்பி வரும்வரை வரிசையில் நிற்பவர்கள்தான் கடை. கடைசியில் நானும் உள்ளே நின்று, பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு பெண்ணுக்கு இரண்டு பணிஸ் சுற்றிக் கொடுத்தேன். கீச்சிட்டது படகின் பேஜர் என்பதும், யாரென்றே தெரியாத ஒருவருக்காகத்தான் அவர் அப்படி ஓடினார் என்பதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உயிர்காப்புப் படகை நிறுத்தி வைக்கிற படகு வீட்டையும் அதற்குப் பக்கத்தில் உள்ள சின்னக் காட்சியகத்தையும் நீதான் காட்டினாய். அங்கே ஒரு பழைய புகைப்படம். பாவாடையைத் தொடைக்கு மேல் சொருகிக்கொண்டு ஒரு பெண் கடலுக்குள் நடக்கிறாள், முதுகில் ஒரு முழு ஆம்பிளை. தடியனுக்குக் கால் இல்லையோ என்று சிரித்தேன். நீ சிரிக்காமல் சொன்னாய்: மாரியில் கால் நனைந்தால் நாள் முழுக்கப் படகில் விறைத்துப்போவார்கள், அதனால் பெண்கள் புருஷனையும் மகனையும் முதுகில் சுமந்து போய்ப் படகில் இறக்கிவிடுவார்கள். திரும்பி வராமல் போனவர்கள் எத்தனையோ பேர், அவர்களையும் இப்படித்தான் ஏற்றிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு நின்றது. பிறகு படகு வீட்டுச் சுவரில் உயரமான மரப்பலகைகள், பொன்னெழுத்துகள். எந்த வருடம், எந்தப் படகு, எத்தனை உயிர். ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில், 'பெயர் தெரியாத படகு. காப்பாற்றிய உயிர்கள் நான்கு' என்றிருந்தது. பெயர் தெரியாத படகு, பிள்ளை. பெயரைக் கேட்காமல் போயிருக்கிறார்கள். போனதை மறக்காமல் பொன்னால் எழுதியும் வைத்திருக்கிறார்கள். உலகத்தில் இப்படி ஒரு கரை இருந்திருக்கிறது, நான் தம்பியைத் தேடி யாரிடம் சொல்வதென்று அலைந்த அன்றும் இருந்திருக்கிறது. என் கண் ஏன் கலங்கியது என்று நீ கேட்டாய். காற்று என்றேன்.

இவ்வளவையும் கண்டு மலைத்த ஒருத்தி பிறகு அப்படிச் செய்வாளா என்று நீ கேட்பாய். செய்தேன். ஊரைப் பார்த்து மலைப்பது வேறு, பெற்ற பிள்ளையை அதற்குக் கொடுப்பது வேறு.

துறைமுகச் சுவரில் கல்லைக் குடைந்து, கண்ணாடிக் கதவு போட்டு ஒரு காற்றழுத்தமானி வைத்திருக்கிறார்கள். ஒரு புயலில் படகுகள் பல அழிந்துபோன பிறகு, இனி கடலுக்கு இறங்குமுன் யாரும் பார்க்கட்டும் என்று பழைய காலத்திலேயே வைத்ததாம். நீதான் எனக்கு வாசிக்கக் கற்றுத் தந்தாய்: நேற்றைய அளவைக் காட்டுகிற முள்ளைப் பார், பாதரசம் அதற்குக் கீழே போயிருந்தால் காற்று வருகிறது. ஒவ்வொரு காலையும் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து உனக்குச் சொல்வேன். உனக்கும் அது சந்தோஷம். அம்மாவுக்கு ஊர் பிடித்துவிட்டது என்று நினைத்தாய். மூன்றாம் கிழமை, அந்தப் புதன்கிழமை, நீ வேலைக்குப் போகாமல் என்னோடு நின்ற நாள், பாதரசம் முள்ளுக்கு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. வானத்தில் ஒன்றும் இல்லை, கடலும் பேசாமல் கிடந்தது. நான் வீட்டுக்கு வந்தேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். பேஜர் குசினி அலுமாரித் தட்டில் இருந்தது. அதை எடுத்து நிறுத்தினேன். பச்சை வெளிச்சம் போனதைப் பார்த்து, பிறகு உன் கோட்டுப் பையில் வைத்தேன். பேஜரை நிறுத்தியது நான். நீ இல்லை. உன் களைப்பும் இல்லை, உன் கவனக்குறைவும் இல்லை. நன்றாகத் தெரிந்து, யோசித்து, இந்தக் கையால் நான் செய்தது.

மிச்சத்தை நீ அறிவாய், ஆனால் நான் பார்த்த மாதிரி அறியமாட்டாய். மத்தியானம் புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காற்று எழும்பிவிட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே யூவன் ஏப்ரனோடு ஓடினார். நீ கையைக் கூடக் கழுவாமல் எழும்பிக் கோட்டுப் பையில் பேஜரைத் தேடி எடுத்தாய். அதைப் பார்த்தபோது உன் முகம் போன போக்கு என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஓடினாய். நானும் பின்னால் வந்தேன். படகு போய்விட்டது. மற்றவர்கள் வேலைக்கு வெளியூர் போயிருந்த நாள். மூன்று பேர் போகிற படகில் இரண்டு பேர் போனார்கள். உனக்காக ஒரு நிமிடம் காத்து நின்றுவிட்டுத்தான் போனார்களாம். பாய்மரம் முறிந்த சின்னப் படகில் ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும். மூவரையும் கொண்டுவந்தார்கள். மற்றவர் படகைப் பிடித்துக்கொண்டிருக்க, சின்னப் பிள்ளையை யூவன் தனியாக இழுத்து ஏற்றியபோது அவர் தோள்மூட்டு கழன்றுவிட்டது. நீ படகை இறக்குகிற அந்தச் சறுக்குப் பாதையில் நனைந்துகொண்டு நின்று, வந்த ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாய். வீட்டுக்கு வந்து, "என்ர பிழை அம்மா. நான்தான் தெரியாமல் பேஜரை நிப்பாட்டியிருப்பன்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம், களைப்பில மறந்திருப்பாய்" என்றேன். நிறுத்தியதைவிட அதுதான் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது. நிறுத்தியது பயத்தில். இதைச் சொன்னது, நீ உடைந்தால் என்னோடு வருவாய் என்ற கணக்கில்.

ஊர் உன்னைத் திட்டவில்லை. அதையும் பார்த்தேன். மறுநாள் நான் ரோல்ஸ் சுட்டு எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனேன். யூவன் கையைத் துணியால் கழுத்தில் கட்டிக்கொண்டு கதிரையில் இருக்க, ஊரார் முறை வைத்து மா பிசைந்துகொண்டிருந்தார்கள். இடக் கையால் ஒரு ரோலை எடுத்துக் கடித்துவிட்டு, உங்கள் மகள் நல்ல பிள்ளை, இது யாருக்கும் நடக்கும் என்றார். அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. விமானம் ஏறி வந்துவிட்டேன். ஏழு கிழமையாகிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனி என்ன தகுதி என்று தெரியவில்லை, இருந்தாலும் தாய் வாய் சும்மா இராது. யாராவது உன் மேல் உயிரை வைத்திருக்கிறார்கள் என்பதற்காக அவர்கள் சொல்வதெல்லாம் உன் நன்மைக்கு என்று நினைத்துவிடாதே. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறந்தால், பயப்படு, ஆனால் பயத்தை அதன் சட்டைப் பையில் ஒளித்து வைக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல். நான் அப்படிச் சொல்லியிருந்தால் நீ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, படகில் என்னென்ன இருக்கிறது, யார் யார் வருவார்கள் என்று எல்லாம் விளக்கியிருப்பாய். உனக்கு அந்தப் பொறுமை அப்பாவிடமிருந்து வந்தது.

நேற்று உனக்கு எடுத்தேன். சமைச்சனியோ என்று கேட்டுவிட்டு, டெலிபோன் கார்ட் முடியப் போகுது என்று சொல்லி வைத்தேன். பொய். கார்ட்டில் இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் யூவனின் கடைக்கு எடுத்தேன். என் ஆங்கிலத்தில் சொன்னேன்: பேஜர், மகள் இல்லை, நான். அவருக்கு விளங்கும்வரை மூன்று தரம் சொன்னேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை, பிள்ளை. அந்தச் சின்னப் பிள்ளை ஒருமுறை கையை விட்டு நழுவியது, இன்னொருவர் கூட இருந்திருந்தால் நழுவியிருக்காது, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். தெரிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். "என்னிடம் அல்ல, அவளிடம் கேளுங்கள்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நீ பேஜரை நீட்டினால் வாங்கமாட்டாராம். நீ இதை என் வாயால் அறியும்வரை உன்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், ஒத்துக்கொண்டார். தொலைபேசியில் தொடங்கினால், நான் முடிக்குமுன் நீ 'பரவாயில்லை அம்மா' என்று சொல்லிவிடுவாய். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமை உன் கையில் இருக்கும் என்று அங்கே வேலை செய்கிற பெண் சொன்னாள்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். என்னை மன்னித்துக்கொள். உடனே முடியாது, எனக்குத் தெரியும். கோபம் வரும், வரட்டும். எனக்குத் தொலைபேசி எடுக்க உனக்கு மனம் வராது, எடுக்காதே. உன் அறையை நான் பார்த்துக்கொள்கிறேன், அது உனக்கு லீவுக்கு வர இருக்கட்டும். என்னை மன்னிக்க உனக்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் எடு. படகுக்குத் திரும்பிப் போக ஒரு நாள்கூட எடுக்காதே.

அம்மா